ஒன்பதாம் நம்பர் வில்லை

“மதினி, நாளைக்கு அங்கன போயி எம்பேரு கேட்டா என்னன்னு சொல்ல?”

“எம்பேரத்தான் சொல்லணும். மூக்கம்மான்னு கூப்புட்டா ‘வந்துட்டேன்’னு சொல்லு. அம்புட்டுத்தான்.”

“சிரிச்சிருவேன் மதினி.”

“சிரிக்காத. மேஸ்திரி வைவாரு.”

“வலிக்குதா?”

“வலி கெடக்கட்டும். ஏ ராக்கு, என் வெரலு ரெண்டும் அந்தப் பருத்திக்குள்ளதான கெடக்கும்? கொட்டையோட கொட்டையாக் கூட்டித் தள்ளியிருப்பாகளா, இல்ல பஞ்சோட சேத்துப் பொதியில வச்சு அமுக்கியிருப்பாகளா?”

“பேசாம படுங்க மதினி.”

“மேஸ்திரிகிட்ட ஒன்னு கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு.”

“என்னத்த?”

“ஒன்னுமில்ல. பொழுது சாயப் போகுது. அடுப்பப் பத்த வையி.”

ஏழு வருஷத்துக்கு முன்னால், அல்லிநகரத்து ஓட்டு வீடொன்றில் நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் பேசிக்கொண்ட பேச்சு இது. இரண்டு பேருக்கும் ஒரு சொல் பிசகாமல் ஞாபகத்தில் இருந்தது. ஆனால் அதைப் பற்றி மறுபடி அவர்கள் பேசிக்கொண்டதில்லை.

அன்று காலையில்தான் தேனிப் பருத்தி அரவை மில்லில் மூக்கம்மாளின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. தோல் சுற்றிய உருளை ஓயாமல் சுற்றும். பருத்தியைக் கையால் ஒதுக்கி அதன் வாயில் கொடுக்க வேண்டும். பஞ்சை உருளை இழுத்துக்கொள்ளும். கொட்டை இந்தப் பக்கம் உதிரும். ஈரமான பருத்தி கொஞ்சம் சிக்கிக்கொண்டது. அதை எடுக்கப் போன கையை உருளை விடவில்லை. அப்போதிருந்த மேஸ்திரி காயத்தைப் பஞ்சிலேயே பொதிந்து அவளைப் பின்வாசல் வழியாக வெளியே அனுப்பினார். “ஆசுபத்திரி, போலீசுக் கச்சேரின்னு போனா வில்லை போயிரும் தாயி. வீட்டுல வேற பொம்பள இருந்தா நாளைக்கு இதே வில்லையோட அனுப்பு” என்றார். மூக்கம்மாள் அதை உபகாரமாகத்தான் எடுத்துக்கொண்டாள். புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்து கிடப்பவளுக்கு, அந்த வீட்டுக்குத் தன்னால் வந்த ஒரே பிடிமானம் அந்த வில்லைதான்.

வில்லை என்பது கால்படி மூடி அளவுக்கு வட்டமான பித்தளைத் தகடு. நடுவில் நம்பர் வெட்டியிருக்கும். காலையில் வாசலில் அதைக் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும். சங்கு ஊதியதும் வாங்கிக்கொண்டு வர வேண்டும். மில்லுக்காரர்களுக்கு அது ஓர் ஆளின் அடையாளம். அல்லிநகரத்துப் பெண்களுக்கோ அது வீட்டின் சொத்து. ஒருத்தி பிள்ளைப்பேற்றுக்குப் படுத்தால் அவள் தங்கச்சியோ கொழுந்தன் பெண்டாட்டியோ அதே வில்லையை இடுப்பில் செருகிக்கொண்டு போய் நின்றுவிட்டு, அவள் எழுந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை.

அப்படித்தான் ராக்கம்மாள் மூக்கம்மாள் ஆனாள். முதல் இரண்டு நாள் சிரிப்பு வந்தது. பிறகு பழகிவிட்டது. சந்தையில் மில்லுக்காரி யாராவது “ஏ மூக்கம்மா!” என்று கூப்பிட்டால் நாத்தனாரும் அவளும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்ப்பார்கள். ராக்கம்மாள் என்ற பேரை அவள் புருஷன் கருத்தக்கண்ணன் மட்டும் மறக்கவில்லை. “ராக்கு” என்பான். வேலை முடிந்து அவள் வந்து உட்கார்ந்ததும், அவள் தலைமுடியில் ஒட்டியிருக்கும் பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்து ஊதிவிடுவான். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்துக்குப் பிறகும் அக்கா எதிரில் அதைச் செய்ய அவன் கூச்சப்பட்டதில்லை.

அவன் ரயில் கொட்டகையில் பொதி ஏற்றிக்கொண்டிருந்தவன். உலகச் சண்டைக்கு இரும்பு வேண்டுமென்று போடி ரயில் தண்டவாளத்தைப் பேர்த்துக்கொண்டு போனபோது அவன் பிழைப்பும் அதோடு போனது. மலையேறி ஏலக்காட்டில் வேலை பார்த்து, காட்டுக் காய்ச்சலோடு இறங்கி வந்தான். மலையில் சொல்வதுபோல அதைப் “பனி” என்றே சொல்வான். வாரத்துக்கு இரண்டு நாள் பனி வரும். வராத நாளில் சோறாக்குவான், குடத்தில் தண்ணீர் எடுப்பான். ஆம்பளை அடுப்பூதுகிறான் என்று தெரு சிரித்தது. “ஊதாட்டி அணைஞ்சு போகும்ல?” என்பான்.

சண்டை முடிந்தும் தண்டவாளம் திரும்பி வரவில்லை. பருத்திப் பொதி லாரிக்காகக் காத்துக் கிடந்தது. அந்த வருஷம் பங்குனியில் பருத்திப் பருவத்துக்கு மில் திறக்கும்போது பாதி மிஷின்தான் ஓடும் என்று சேதி வந்தது. அறுபத்தெட்டுப் பெண்களில் நாற்பது பேருக்குத்தான் வேலை.

முந்திய வருஷங்களாக இருந்தால் அந்த நாற்பது பேர் யார் என்று மேஸ்திரி முடிவு செய்வார். அவர் வீட்டுக்குக் கோழி கொண்டுபோனவள், நெய் கொண்டுபோனவள், சொல்லக் கூசுகிற காரியத்துக்கு இணங்கினவள் உள்ளே போவாள். போன வருஷம் அதை எதிர்த்துத்தான் சங்கம் பதினோரு நாள் வேலையை நிறுத்தியது. புளியமரத்தடியில் மக்காச்சோளக் கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்தக் கஞ்சியைக் கிண்டியவள் ராக்கம்மாள். பன்னிரண்டாம் நாள் மில் இறங்கி வந்தது. இனி வேலைக்குச் சேர்ந்த மூப்புப்படிதான் கூப்பிட வேண்டும். பட்டியலைச் சங்கத்தின் முன்னால் சரிபார்க்க வேண்டும். மேஸ்திரி பழைய வில்லையில் தன் ஆளைச் செருகிவிடாமல் இருக்க, சேர்ந்த நாளில் வைத்த பெருவிரல் ரேகையோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்றும் சங்கமே கேட்டு வாங்கியது. கை தூக்கியபோது ராக்கம்மாளும் தூக்கினாள். அந்த ரேகை தன்னையே வந்து பிடிக்கும் என்று அப்போது நினைக்கவில்லை.

திங்கட்கிழமை ரேகை பார்ப்பது என்று ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில் வாசலில் குரல் கேட்டது.

“மூக்கம்மா இருக்காளா?”

“எந்த மூக்கம்மா? இங்கன ரெண்டு இருக்கு” என்றான் கருத்தக்கண்ணன், அகப்பையும் கையுமாக.

“அதக் கேக்கத்தாண்ணே வந்தேன்” என்று சங்கிலியம்மாள் உள்ளே வந்தாள். அடுத்த தெருக்காரி. மில்லில் ராக்கம்மாளுக்குப் பக்கத்து மிஷின். பட்டியலில் நாற்பத்தொன்றாவது பேர் அவளுடையது.

மூக்கம்மாள் வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, “வா சங்கிலி. உக்காரு. மொச்சைக் கொழம்பு கொதிக்குது, ஒருவாய் சாப்புடு” என்றாள்.

“கொழம்பு குடிக்க வரலக்கா. நாயம் கேக்க வந்தேன். நான் மில்லுக்கு வந்து எட்டு வருசம். இந்தா நிக்கிறாளே, இவ வந்து ஏழு வருசம். இவ எத்தனையாவது ஆளு? ஒன்பது. நான்? நாப்பத்தொன்னு. இது எந்த ஊரு மூப்பு?”

ராக்கம்மாள் சுளகில் மொச்சை உரித்துக்கொண்டிருந்த மகள் சுப்புத்தாயை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்: “எங்க மதினி ஒன்பது வருசம் நின்னாக. நான் ஏழு நின்னேன். ரெண்டும் ஒரே வீடு. பதினாறு.”

“அட ஆத்தாடி! மிசின்ல ஒங்க வீடா போயி நின்னுச்சு? ஓடு, தூண், கூரையெல்லாம் வந்துச்சோ?”

“ஏ, வாய அடக்கு. போன வருசம் ஓம் மகளுக்கு அம்மை போட்டப்ப ஓன் வில்லையில ஓங் கொழுந்தியா நிக்கல?”

“பத்து நாளு நின்னா. ஏழு வருசமா நின்னா? கொழுந்தியா வெரல வச்சா நாளைக்கு ஒத்துக்கிருவாகளா? நான் போயி என் வெரல வைப்பேன். ஓன் வெரல எங்க கொண்டு போயி வைப்ப?” சங்கிலியம்மாளின் குரல் உடைந்தது. “சண்டைக்குப் போன மனுசன் இருக்காரா இல்லையான்னு ஒரு காயிதம் இல்ல. மாமியா, ரெண்டு புள்ளைக. ஒங்க வீட்டுல அடுப்பூதவாச்சும் ஒரு ஆம்பள இருக்கு. நாளைக்கு நான் சொல்லத்தான் போறேன். அப்புறம் சங்கிலி குடியக் கெடுத்துட்டான்னு மண்ண வாரித் தூத்தாதீக.”

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மூக்கம்மாள் எழுந்து, ஒரு சட்டியில் குழம்பை இடது கையால் ஊற்றி அவளிடம் நீட்டினாள். “புள்ளைகளுக்குக் கொண்டு போ.” சங்கிலியம்மாள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வாங்கிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் ஏசுதாசன் வந்தார். மில்லில் மிஷின் பழுது பார்க்கும் பிட்டர், சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான். கோயிலுக்குப் போட்டுப் போன வெள்ளைச் சட்டை இன்னும் கசங்காமல் இருந்தது. கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். ராக்கம்மாளே தொடங்கினாள்.

“அண்ணே, மூப்புங்கிறது வில்லைக்கா, ஆளுக்கா?”

“ஆளுக்குத்தான் தாயி.”

“பதினாறு வருசத்துல, மில் ஓடுன ஒரு நாளாச்சும் அந்த மிசின் முன்னால ஆள் இல்லாம கெடந்துருக்கா?”

“இல்ல.”

“அப்ப அந்தப் பதினாறும் யாருக்கு? எங்க மதினிக்கும் இல்ல, எனக்கும் இல்லன்னா?”

ஏசுதாசன் டம்ளரைக் கீழே வைத்தார். “மில்லுக்குத்தான் போயிருக்கு” என்றார்.

“நெசத்தச் சொன்னா என்னாகும்?” என்று கருத்தக்கண்ணன் கேட்டான்.

“அக்காவுக்குக் கை ஊனம், வேலைக்கு ஆகாதும்பாக. இந்தத் தாயிக்கு வேலைக்கு வந்த பதிவே இல்லம்பாக. அறுபத்தெட்டுப் பேருக்குப் பின்னால புதுசா நிக்கணும். ஒன்பதாம் நம்பர் போயிரும்.”

“சொல்லாட்டி?”

“என்னைக்காச்சும் வெளிய வந்தா, சங்கத்துப் பட்டியலே பொய்யின்னு மொத்தத்தயும் கிழிப்பாக. திரும்ப மேஸ்திரி, திரும்பக் கோழி.” அவர் எழுந்துகொண்டார். “சொல்லுங்கன்னும் சொல்ல மாட்டேன், சொல்லாதீகன்னும் சொல்ல மாட்டேன். இந்த வீட்டுக் கையி கிண்டுன கஞ்சிய நான் பதினோரு நாளு குடிச்சிருக்கேன்.”

வாசல்வரை போனவர் வேறொன்றைச் சொல்கிறவர்போலச் சொன்னார்: “உருளைக்கு முன்னால கம்பி வலை போடணும்னு சங்கத்துல கேட்டுருக்கோம். நானே ஒன்னு அடிச்சு வச்சிருக்கேன். ‘யாருக்கு அடிபட்டுச்சு? காயப் புத்தகத்துல ஒரு வரி காட்டும்’ங்கிறாரு மானேசர். காட்டுறதுக்கு ஒன்னும் இல்ல.” மூக்கம்மாளின் முந்தானையைப் பார்த்தார். உடனே கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

வழியைக் கருத்தக்கண்ணன்தான் கண்டுபிடித்தான். ரேகை அக்காவுடையது, அக்காவே போய் வைத்துவிட்டு வில்லையை வாங்கிக்கொண்டு வரட்டும். மறுநாளிலிருந்து வழக்கம்போல ராக்கு போகட்டும்.

“கைய என்ன செய்ய?” என்றாள் ராக்கம்மாள்.

“எடது கைப் பெருவெரலத்தான வப்பாக. ரயில் கொட்டகையில எத்தன தடவ வச்சிருப்பேன்? வலது கை முந்தானைக்குள்ளயே இருக்கட்டும்.”

“ஆரம்பத்துல எந்தக் கைய வச்சீக மதினி?”

“பதினாறு வருசமாச்சு. யாரு கண்டா? அந்தய்யா பிடிச்சாரு, அமுக்குனாரு.”

அதோடு பேச்சு முடிந்தது. சுப்புத்தாய் சுளகில் மிச்சமிருந்த மொச்சையை விளையாட்டுப்போல ஒதுக்கி ஒதுக்கித் தள்ளிக்கொண்டிருந்தாள். அம்மா பருத்தி தள்ளுவதை மில் வாசலில் நின்று பார்த்துப் பழகியிருந்தாள். “இன்னும் ரெண்டு வருசத்துல இந்த வில்லை இவளுக்குத்தான்” என்றான் கருத்தக்கண்ணன். ஒன்பதாம் நம்பர் இருந்தால் மகளைக் கட்டிக்கொடுக்கிற வரைக்கும் கவலை இல்லை என்பது அவன் எண்ணம். மூக்கம்மாள் அந்தப் பிள்ளையின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளரிப் பிஞ்சுபோல நீள நீளமான விரல்கள். எண்ணுவதுபோலப் பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை, மில் ஆபீஸ் தாழ்வாரத்தில் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மேற்கு மலையில் மேகம் கூடிக் கிடந்தது. ஆனால் ஒரு பொட்டு இறங்கவில்லை. புழுக்கத்தில் பருத்திக்கொட்டை வாடை எழுந்தது. உள்ளே நாற்காலியில் மானேஜர். பக்கத்தில் ரைட்டர் சங்கரலிங்கம் பழைய புத்தகங்களை விரித்து வைத்திருந்தார். மேஜையின் ஓரத்தில் ஏசுதாசன் அடித்த கம்பி வலை கிடந்தது. ஒவ்வொரு நம்பருக்கும் ரைட்டர் பேரைப் படிப்பார், “ஆட்சேபம் உண்டா?” என்பார், இல்லையென்றால் ரேகை.

“வில்லை ஒன்பது, மூக்கம்மாள். ஆட்சேபம் உண்டா?”

மூக்கம்மாள் எழுந்து நின்றாள். தாழ்வாரத்தில் இருந்த அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். அத்தனை பேரும் சங்கிலியம்மாளைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். மூக்கம்மாளின் முந்தானைக்குள் ஒடுங்கிக்கொண்டிருந்த கையைப் பார்த்தாள்.

“சங்கிலி, என்னமோ சொல்ல வந்தியே?” என்றார் ரைட்டர்.

“இல்லய்யா. எனக்கு ஒன்னும் இல்ல” என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போய், வெயிலில், மதில் ஓரமாகத் தலையில் கை வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

மூக்கம்மாள் மேஜையிடம் போய் இடது கையை நீட்டினாள்.

“பொம்பளைக்கு வலது கையம்மா” என்றார் சங்கரலிங்கம். “ஆம்பளைக்குத்தான் எடது.”

ஜன்னலுக்கு வெளியே நின்ற ராக்கம்மாள் கம்பிகளை எட்டிப் பிடித்தாள். ரயில் கொட்டகையில் பெண் யாரும் ரேகை வைத்ததில்லை. கருத்தக்கண்ணனுக்கு எப்படித் தெரியும்?

மூக்கம்மாள் முந்தானையை விலக்கினாள். கட்டைவிரலுக்கு அடுத்து இரண்டு குட்டை முண்டுகள். அதற்கப்புறம் இரண்டு விரல்கள். ரைட்டர் சங்கரலிங்கத்தின் கை ஒரு நொடி நின்றது. ஏழு வருஷத்துக்கு முன்னால் அதே மேஜையில்தான் அவர் உட்கார்ந்திருந்தார்; மேஸ்திரி “எழுத வேண்டாம்” என்றபோது எழுதாமல் விட்டவரும் அவர்தான். மானேஜர் ஏசுதாசனோடு வலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ரைட்டர் சட்டென்று ஒற்றுத்தாளை அந்தக் கையின்மேல் மூடி, கட்டைவிரலை மையில் தோய்த்து அமுக்கினார். “சீலைக்குள்ள வையி” என்று உதட்டுக்குள் சொன்னார். பிறகு குரலை உயர்த்தி, “ரேகை சரி” என்றார். வில்லையை எடுத்து அவள் இடது கையில் வைத்தார்.

முடிந்தது. நாலு எட்டு வைத்தால் வாசல். வாசலுக்கு வெளியே ராக்கம்மாள்.

“பதினாறு வருசம்!” என்றார் மானேஜர் ஏசுதாசனிடம். “இந்தம்மாவையே எடுத்துக்கும். மில் திறந்த நாள்லேருந்து மிசின்ல நிக்குது. சங்கரலிங்கம், காயப் புத்தகத்துல ஒன்பதாம் நம்பரைப் படியும்.”

ரைட்டர் புத்தகத்தைத் திருப்பினார். தொண்டையைச் செருமினார். “வில்லை ஒன்பது. காயம்...” நிறுத்தினார். “இல்லை.”

“கேட்டீரா? பதினாறு வருசத்துல ஒரு கீறல் இல்லை. உமக்கு வலை எதுக்கு?” அவர் மேஜையிலிருந்த கம்பி வலையைக் கைத்தடியால் ஓரமாகத் தள்ளினார். அது விளிம்புக்கு வந்து, பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

ஏசுதாசன் தலை நிமிர்ந்து மூக்கம்மாளைப் பார்த்திருந்தால்கூடப் போதும், எல்லாம் வெளியே வந்திருக்கும். அவர் தரையைத்தான் பார்த்தார்.

மூக்கம்மாள் ஜன்னலைப் பார்த்தாள். ராக்கம்மாள் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்து விரலும் கம்பியைச் சுற்றி வெள்ளையாக இறுகியிருந்தன. ‘வாங்க மதினி, வந்துருங்க’ என்று கண்ணால் கூப்பிட்டாள். அவளுக்குப் பின்னால், தூரத்தில், சங்கிலியம்மாள் அதே வெயிலில் உட்கார்ந்திருந்தாள். அடுப்படியில் இந்நேரம் தம்பி உலை வைத்திருப்பான். பிள்ளை சுளகை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

“ஏம்மா நிக்கிற? போகலாம்” என்றார் மானேஜர்.

“போறேன்யா.”

அவள் போகவில்லை. வில்லையை மேஜையிலிருந்த கம்பி வலையின்மேல் வைத்தாள். பித்தளைத் தகடு கம்பியில் பட்டு ‘ணங்’கென்றது. ஜன்னலில் ராக்கம்மாள், “மதினி!” என்றாள். மூக்கம்மாள் முந்தானையை விலக்கி, மை அப்பிய வலது கையை ரைட்டரின் புத்தகத்துக்கு மேலே, எல்லாரும் பார்க்கும்படி விரித்து வைத்தாள்.

“அய்யா, ஒன்னு கேக்கணும். ஏழு வருசமா வாய் வரைக்கும் வந்து வந்து போகுது. இல்லைன்னு படிச்சீகல்ல, அதுக்குப் பக்கத்துல எழுதுங்கய்யா. என் வெரலு ரெண்டும் இங்கனதான் போச்சுன்னு எழுதுங்க.”